ஒப்புவித்தல்: மூத்தோரின் நினைவுகளை இளையோர் ஏற்கும் முறை

(புலம்பெயர்ந்து வாழும் பெற்றோருக்கும் இளையோருக்குமான ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஈழத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளன்று நினைவு மலர் ஒன்று வெளியிடப்படுவது வழக்கம். கல்வெட்டு என்றும் அதனை அழைப்பர். தாயகத்தில் இருந்த இவ்வழக்கம் கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் இன்றுவரை தொடர்கின்றது. முதற்பக்கத்தில் அமரரின் படம் இருக்கும். தொடர்ந்து பஞ்சபுராணமும் சிவபுராணமும் வரும். பின்னர் வாழ்க்கை வரலாறு என்ற தலைப்பில் ஒன்றிரண்டு பக்கங்கள் அமையும். பிறந்த ஊர், கற்ற பாடசாலை, கைப்பிடித்த துணை, பெற்ற பிள்ளைகள், புலம்பெயர்ந்த ஆண்டு ஆகியன அப்பக்கங்களில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

அந்தப் பக்கங்களை எழுதுவது பெரும்பாலும் ஒரு மகனோ மருமகனோ ஆவார். அழுகைக்கும் அலைச்சலுக்கும் நடுவில், அச்சகத்திற்குக் கொடுக்கவேண்டிய கடைசி இரவில், தொலைபேசியில் அங்குமிங்கும் விசாரித்து அவர் எழுதி முடிக்கின்றார். அதனை வாசிக்கும் பேர்த்தி, தன் அம்மம்மா மணமாவதற்கு முன்னர் ஆசிரியையாகப் பணியாற்றினார் என்பதை முதன்முதலாக அங்கேதான் அறிகின்றாள். எந்த ஊரில் கற்பித்தார், எதற்காக விட்டார் என்று கேட்க அவளுக்கு ஆவல் எழுகின்றது. கேட்கவேண்டியவர் இல்லை. அந்த மலரில் ஆண்டு ஒன்று பிழையாக அச்சாகியிருந்தாலும் அதனைத் திருத்தக்கூடியவர் இல்லாத நாளிலேயே அது வெளியாகின்றது.

இன்றைய உரையின் பொருள் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றது. ஒருவரின் நினைவும் பட்டறிவும் அடுத்த தலைமுறைக்குச் சேர்வது எப்போது நிறைவுறுகின்றது? மூத்தவர் சொல்லி முடித்தபோதா? இளையவர் கேட்டு முடித்தபோதா? இவ்விரண்டும் போதா என்பதே இவ்வுரை முன்வைக்கும் கருத்து. கேட்டவர் அதனைத் திரும்பச் சொல்லிக் காட்டவேண்டும். சொன்னவர் உயிரோடிருக்கும்போதே அதனைத் திருத்திக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் கையளிப்பு நிறைவுறுகின்றது.

காலம் காத்திருப்பதில்லை

1983 யூலையில் கொழும்பில் வீடிழந்து, அகதி முகாமில் தங்கி, கப்பலில் காங்கேசன்துறைக்குச் சென்றவர்களுள் இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். 1986 ஆகஸ்ட் 11ஆம் நாள் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழ் அகதிகள் மிதந்துகொண்டிருந்தனர். கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். அப்படகுகளில் இருந்த இளைஞர்களும் இன்று பேரப்பிள்ளைகளைக் காணும் வயதினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த பெருந்தொகையான மக்களுள், அன்று குடும்பத்தைத் தாங்கிய முதியவர்கள் பலர் இன்று இல்லை. 2009 இல் பிறந்த குழந்தைகள் இன்று உயர்வகுப்பு மாணவர்கள்.

இந்த ஆண்டுகள் நூல்களில் உள்ளன. ஆனால் அந்த நடையின்போது கையில் எதை எடுத்துச் சென்றார்கள், எதை விட்டுச் சென்றார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த முடிவு சரியாயிற்று, எந்த முடிவு பிழைத்தது என்பன அந்தந்த மனிதரிடம் மட்டுமே உள்ளன. இடப்பெயர்வுகளில் படங்கள் தொலைந்தன. கடிதங்களும் உறுதிகளும் சான்றிதழ்களும் எரிந்தன. 1981 யூன் முதலாம் நாளுக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. எழுதியவை இவ்வாறு அழிந்த ஒரு சமூகத்தில், எழுதாதவை மனிதரின் நெஞ்சிலேயே தங்கியுள்ளன.

ஹிரோசிமா காட்டும் வழி

இவ்வாறான கவலை தமிழருக்கு மட்டும் உரியதன்று. யப்பானின் ஹிரோசிமா நகரம் இதே கேள்வியை எதிர்கொண்டு, அதற்கு ஒழுங்கான விடை ஒன்றைத் தேடியது.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 மக்கள் இறந்தனர் என்பது அந்நகரின் மதிப்பீடு. தப்பியவர்கள் 'ஹிபாகுஷா' என அழைக்கப்பட்டனர். இவர்களுள் பலர் நெடுங்காலம் வாய்திறக்கவில்லை. அமெரிக்க ஆட்சிக்காலத்தில் அணுகுண்டு பற்றிய எழுத்துகள் தணிக்கைக்கு உள்ளாயின. அதன் பின்னரும், கதிர்வீச்சுக்கு உள்ளானவர் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது, பிள்ளைகளுக்குத் திருமணம் நடவாது என்ற அச்சம் அவர்களை மௌனமாக்கியது. முதுமையில்தான் பலர் பேசத் தொடங்கினர். அவர்களின் அமைப்பான நிகொன் ஹிடான்கியோ 1956 இல் தொடங்கப்பட்டு, 2024 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. ஆயினும் 2025 மார்ச் மாத இறுதியில் உயிரோடிருந்த ஹிபாகுஷாக்களின் தொகை ஒரு இலட்சத்திற்குக் கீழே சென்றுவிட்டது. அவர்களின் சராசரி வயது 86 ஐத் தாண்டியிருந்தது.

ஒலிப்பதிவுகளும் நூல்களும் ஏராளமாக இருந்தும் அவை போதா என்று ஹிரோசிமா நகரசபை கருதியது. 2012 இல் அது ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தப்பியவர் ஒருவரின் அனுபவத்தை, அந்த அனுபவம் இல்லாத இன்னொருவர் கற்றுக்கொண்டு, அவருக்குப் பின்னரும் மக்களுக்கு எடுத்துரைப்பதே அதன் நோக்கம். இவர்களை யப்பானிய மொழியில் 'டென்ஷோஷா' என்பர். வழிவழியாகச் சொல்பவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இத்திட்டத்தின் படிமுறையை உற்றுநோக்கவேண்டும். பயிற்சிக்கு வருபவர் முதலில் அணுகுண்டின் வரலாற்றையும் அறிவியலையும் கற்கின்றார். பின்னர் தப்பியவர் ஒருவருடன் இணைந்து, அவர் சொல்வதைக் கேட்கின்றார். கேட்டதைத் தானே ஓர் உரையாக எழுதுகின்றார். அவ்வுரையை அந்த முதியவரிடமே கொண்டுசென்று காட்டுகின்றார். அவர் ஏற்றுக்கொண்ட பின்னரே பேசிப் பழகி, இறுதியில் மக்கள்முன் நிற்கின்றார். தொடக்கத்தில் இப்பயிற்சி ஏறத்தாழ மூன்றாண்டுகள் நடைபெற்றது. முதற்குழுவினர் 2015 இல் பேசத் தொடங்கினர். 2022 இல் குடும்பத்தினரே தம் பெற்றோரின் அல்லது பாட்டன் பாட்டியின் அனுபவத்தை எடுத்துரைப்பதற்கான தனிப்பயிற்சியும் சேர்க்கப்பட்டது.

அதே நகரிலுள்ள மொட்டொமாச்சி உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் கற்கும் மாணவர்கள் 2007 முதல் இன்னொரு வழியில் இப்பணியைச் செய்துவருகின்றனர். மாணவர் ஒருவர் தப்பியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் மறக்கமுடியாத ஒரு காட்சியை ஓவியமாக வரைகின்றார். ஓர் ஓவியம் முடிவதற்குப் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டும் ஆகின்றது. காரணம் எளியது. காதால் கேட்டவர் 'தெரு முழுதும் தீ' என்ற சொல்லோடு திருப்தியடையலாம். வரைபவர் அப்படித் திருப்தியடைய இயலாது. தீ எந்தப் பக்கத்தில் இருந்தது, வானம் என்ன நிறம், விழுந்து கிடந்தவரின் கை எப்படி மடங்கியிருந்தது என்று அவர் கேட்டே ஆகவேண்டும். வரைந்ததைக் காட்டுகின்றார். முதியவர் 'இப்படியன்று' என்கின்றார். மீண்டும் வரைகின்றார். இவ்வாறு உருவான ஓவியங்கள் 200க்கும் மேற்பட்டவை.

டென்ஷோஷா பயிற்சிக்கும் ஓவியப் பணிக்கும் பொதுவானது இந்தத் திருத்தமே. இளையவர் தான் விளங்கிக்கொண்டதை முதியவரின் முன் வைக்கின்றார். முதியவர் அதனைத் திருத்துகின்றார். அத்திருத்தம் நடைபெறும் இடத்தில் நினைவு ஒரு நெஞ்சிலிருந்து இன்னொரு நெஞ்சிற்குப் போய்ச் சேர்கின்றது.

தமிழில் இதற்கொரு சொல் உண்டு

இம்முறையைத் தமிழர் யப்பானிடமிருந்து கடன்வாங்கவேண்டிய தேவை இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பாடத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட முடியாது. ஆசிரியர்முன் நின்று அதனைச் சொல்லிக் காட்டவேண்டும். பாடம் ஒப்புவித்தல் என்று அதனைச் சொல்வர். ஒப்புவித்தல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு பொருளை உரியவர் கையில் ஒப்படைப்பதும் ஒப்புவித்தலே. திரும்பச் சொல்வதும் கையளிப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது கருதத்தக்கது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், கற்கும் முறையைப் பற்றிப் பேசுமிடத்தில் ஒரு கணக்கைத் தருகின்றது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது அறிவில் கால்பங்கே. உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதனால் மட்டுமே வந்துசேரும் என்பது அந்நூலின் கருத்து. நினைவைக் கையளித்தலுக்கும் இக்கணக்கு பொருந்தும். பேரப்பிள்ளை கேட்டது கால்பங்கு. அதனைத் தன் சகோதரரோடும் நண்பரோடும் பேசியது இன்னொரு கால்பங்கு. எடுத்துரைக்கும்போதே அது அவருடையதாகின்றது.

உ.வே. சாமிநாதையரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் 1870களின் தொடக்கத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர் 1876 இல் மறைந்தார். ஆக, அவர்கள் சேர்ந்திருந்த காலம் சில ஆண்டுகளே. ஆயினும் அரை நூற்றாண்டிற்குப் பின்னர், 1930களில், அந்த ஆசிரியரின் வரலாற்றைச் சாமிநாதையர் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். பாட்டைப் பாடமாகக் கேட்டவர், ஆசிரியரின் பழக்கத்தையும் வறுமையையும் பரிவையும் உடனிருந்து கண்டவர். அதனால்தான் அவரால் எழுத முடிந்தது. அருகிலிருந்து பணிசெய்து பெறும் அறிவு அத்தகையது.

ஒரு விளக்கின் கதை

இம்முறை ஒரு வீட்டில் எப்படி நடைபெறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் சவர்க்காரமும் மின்கலங்களும் பிறவும் தடைசெய்யப்பட்டன. சிறிதளவு மண்ணெண்ணெயில் குப்பி விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அக்காலத்தில் அங்கு வாழ்ந்த அம்மம்மா ஒருவர், இன்று ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ வாழ்கின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். பேர்த்தி கேட்கின்றாள். 'நாங்கள் குப்பி விளக்கில்தான் பிள்ளை படித்தோம்' என்கின்றார் அம்மம்மா. வழமையாகப் பேச்சு இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். பேர்த்தியின் மனத்தில் இருளும் துன்பமும் கொண்ட பொதுவான ஒரு படம் தங்கும்.

ஒப்புவிக்கும் முறையில் பேர்த்தி அதனைத் திரும்பச் சொல்கின்றாள்: 'அப்படியென்றால், பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு விளக்கை வைத்துப் படித்தீர்கள், அப்படித்தானே அம்மம்மா?' உடனே அம்மம்மா சிரிக்கின்றார். 'ஆளுக்கொரு விளக்குக்கு மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? வீட்டுக்கு ஒன்றுதான். பரீட்சைக்குப் போகிற பெரியவன் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பான். மற்றவர்கள் சுற்றிவர இருந்து, பகலில் படித்ததைப் பாடமாக்கிச் சொல்லுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வரும். அவர்கள் ஒரு நாள் எண்ணெய் தந்தால் அடுத்த நாள் எங்கள் எண்ணெய்.'

பிழையாகத் திரும்பச் சொன்னதனால் வெளிவந்தவை எவை என்று பாருங்கள். யாருக்கு வெளிச்சம் முதலில் உரியது என்ற குடும்பத்தின் தீர்மானம் வெளிவந்தது. எண்ணெயைப் பங்கிட்ட அயலவரின் உறவு வெளிவந்தது. பகல் வெளிச்சத்தை வீணாக்காமல் படித்து இரவில் நினைவிலிருந்து சொன்ன உத்தி வெளிவந்தது. இவை துன்பத்தின் கதை மட்டும் அல்ல. குறைந்ததைக் கொண்டு ஒழுங்காக வாழ்ந்த அறிவு. அந்நிய நாட்டில் பரீட்சைக்கோ வேலையிழப்புக்கோ முகங்கொடுக்கும் இளையவருக்குப் பயன்படக்கூடியது அந்த அறிவேயாகும்.

புலம்பெயர்ந்த பின்னரான அனுபவத்திற்கும் இது பொருந்தும். அகதி விண்ணப்ப விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை நம்பி நின்ற நாள், பட்டதாரி ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவிய முதல் மாதம், சீட்டுப் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பிய கணக்கு, இரண்டு வேலைகளுக்கிடையில் தொடருந்தில் உறங்கிய இரவு ஆகியவற்றைப் பல தந்தையர் தம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சிறுமை என்று எண்ணி மறைக்கின்றனர். அல்லது 'நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியும்' என்று கண்டிக்கும் வேளையில் மட்டும் எடுத்து வீசுகின்றனர். கண்டிப்பாக வரும் நினைவைப் பிள்ளை ஏற்பதில்லை. வழிகாட்டலாக வரும் நினைவைப் பிள்ளை கேட்டு வாங்கிக்கொள்கின்றது.

மௌனமும் ஒரு பதில்

எல்லா நினைவுகளும் சொல்லக்கூடியவை என்று கருதலாகாது. சிலர் பேசாதிருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஊரிலுள்ள உறவினருக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சம் சிலருக்கு. உடலும் மனமும் பட்ட காயத்தை மீண்டும் திறக்க இயலாமை சிலருக்கு. உயிர்பிழைத்தோமே என்ற குற்றவுணர்வு சிலருக்கு. இளையவர் இதனை உணர்ந்து நடக்கவேண்டும். 'இது வேண்டாம்' என்று மூத்தவர் சொன்னால் அந்த இடத்தில் நிறுத்துவதே மரியாதை. ஹிபாகுஷாக்களுள் பலர் பேசுவதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மறுபுறத்தில், மூத்தவர்களும் பிள்ளையின் வயதை எண்ணிப் பேசவேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு போரின் பாரத்தை முழுதாக இறக்கிவைப்பது வழிகாட்டல் ஆகாது. அவ்வயதில் விளக்கின் கதை போதும். பதினெட்டில் ஏனையவை வரலாம். பேச்சு முடிந்தபின் மூத்தவருக்கு உறக்கம் கெடுமாயின், பழைய அச்சம் திரும்புமாயின், அதனைக் குடும்பம் கவனித்து மருத்துவரை நாடவேண்டும். நினைவைப் பெற்றுக்கொள்ளும் ஆவலில் நினைவுக்கு உரியவரை வருத்திவிடக் கூடாது.

முழுமையான நினைவு

இன்னொன்றையும் மனந்திறந்து சொல்லவேண்டியுள்ளது. தமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி, தாம் கண்டும் பேசாதிருந்ததை மறைத்தால் அந்த நினைவு பாதியே. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அன்று தம் அயல்வீடு வெறுமையானதைக் கண்ட தமிழ் முதியவர்கள் புலம்பெயர் நாடுகளில் வாழ்கின்றனர். கூடப்படித்த நண்பர் ஒரு நாளில் இல்லாமற் போனதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதேபோல 1983 யூலையில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலவர்களையும் பலர் நினைவில் வைத்துள்ளனர்.

இவற்றையும் பேரப்பிள்ளையிடம் ஒப்புவிக்கும் முதியவர், தம் மக்களின் துயரைக் குறைத்துக்கொள்வதில்லை. தாம் சொல்வது நம்பத்தக்கது என்பதை நிலைநாட்டுகின்றார். பல்லின நாடுகளில் வளரும் பிள்ளைகள் கேள்வி கேட்டுப் பழகியவர்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவர், மறுபக்கத்தை வெளியே அறியும் நாளில் கேட்ட அனைத்தையும் ஐயுறுவார். வீட்டிலேயே முழுதாகக் கேட்டவர் தடுமாறமாட்டார்.

நினைவு தவறக்கூடியது என்பதையும் ஏற்கவேண்டும். ஆண்டுகள் மாறும். ஒரு இடப்பெயர்வில் நடந்தது இன்னொன்றோடு கலக்கும். ஹிரோசிமாவில் பயிற்சியாளர் முதலில் வரலாற்றைக் கற்பதன் பயன் இதுவே. இளையவர் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'அம்மப்பா, இது தொண்ணூற்றைந்திலா, தொண்ணூறிலா?' என்று பணிவாகக் கேட்கலாம். அப்போதும் ஐயம் நீங்காவிட்டால், அவர் நினைவில் இப்படி, பதிவில் இப்படி என்று இரண்டையும் எழுதிவைப்பதே நேர்மை.

தொடங்கும் முறை

இதனைப் பெரிய திட்டமாக எண்ணி மலைக்கவேண்டியதில்லை. ஒரு மூத்தவர், ஓர் இளையவர், வாரத்தில் ஒரு மணிநேரம், ஒரே ஒரு பொருள் என்று தொடங்கினால் போதும். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் எவராலும் சொல்லமுடியாது. 'நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் போவீர்கள்?' என்று கேட்டால் ஒழுங்கை, வேலி, குளம், கோயில், கூடவந்த நண்பர் என்று எல்லாம் வரும். ஒரு தாளில் அந்த வழியை வரைந்து காட்டுங்கள். மூத்தவர் பேனையை வாங்கித் திருத்துவார்.

கைவேலையோடு கூடிய பேச்சு இன்னும் இலகுவானது. ஒடியற்கூழ் காய்ச்சும்போதும், பனையோலை இழைக்கும்போதும், தோட்டத்தில் பயிற்றங்கொடிக்குத் தடி நாட்டும்போதும் கையும் வாயும் சேர்ந்து வேலைசெய்யும். பேர்த்தி தானே காய்ச்சிக் கொடுக்கும் கூழை அம்மம்மா சுவைத்துப் பார்த்துக் குறை சொல்வதும் ஒப்புவித்தலே.

இளையோருக்கு மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். தமிழ் தடுமாறுகின்றதே என்று வெட்கப்பட்டுப் பலர் பேசாது ஒதுங்குகின்றனர். தெரிந்த தமிழில் திரும்பச் சொல்லுங்கள். தெரியாத சொல்லை மூத்தவர் தருவார். அவ்வாறு பெற்ற சொல் எந்த வகுப்பறையில் பெற்றதைவிடவும் நெடுநாள் நிற்கும். பின்னர் வாழும் நாட்டின் மொழியிலும் அதனை எழுதுங்கள். மூத்தோர் இங்கே ஓர் உதவி செய்யவேண்டும். பிள்ளை சொல்லும்போது கருத்தைத் திருத்துங்கள். உச்சரிப்பைக் கண்டு நகைக்காதீர்கள். ஒருமுறை நகைத்தால் அடுத்த வாரம் பிள்ளை வராது.

பெற்றோருக்கு உரிய பணி இடையில் பாலமாக இருப்பது. அவர்களே விடைசொல்லிவிடும் ஆசையைத் தவிர்த்துக்கொள்ளவேண்டும். 'அப்பப்பா என்ன சொல்கிறார் என்றால்' என்று தொடங்கிச் சுருக்கிச் சொல்லிவிட்டால், அப்பப்பாவின் பேச்சும் பிள்ளையின் கேள்வியும் அங்கேயே நின்றுவிடும். நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். தேநீர் வைத்துக் கொடுங்கள். கேட்டால் மட்டும் மொழிபெயர்த்துக் கொடுங்கள்.

மூத்தவர் தம் சொந்தப் பேரப்பிள்ளையிடம் பேசத் தயங்கலாம். உறவில் நெருக்கம் கூடினால் பேச்சுக் குறைவதும் உண்டு. அந்நிலையில் தமிழ்ப் பாடசாலையோ முதியோர் சங்கமோ ஊர்ச்சங்கமோ இன்னொரு குடும்பத்து இளையவரை அவருக்கு மாணவராக இணைத்துவிடலாம். பேரப்பிள்ளைகள் தொலைவில் வாழும் முதியவருக்கும், பாட்டன் பாட்டியைக் கண்டறியாத இளையவருக்கும் இது இருபக்க நன்மை தரும். ஹிரோசிமாவிலும் இத்திட்டம் முதலில் உறவல்லாதவர்களைக் கொண்டே தொடங்கியது.

ஒலிப்பதிவு செய்வதாயின் முதலில் அனுமதி பெறவேண்டும். யாருக்குக் காட்டலாம், எதை வெளியிடக் கூடாது என்பதை மூத்தவரே தீர்மானிக்கவேண்டும். ஊரில் வாழ்பவரின் பெயர் வரும் இடங்களில் கூடிய கவனம் வேண்டும். பொதுவில் வைக்க விரும்புவோருக்கு, 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் வாய்மொழி வரலாறுகளையும் பேணிவருகின்றது என்பது பயன்தரும் செய்தி. ஆயினும் பதிவு செய்துவிட்டோம் என்பதனால் பணி முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. பேழைக்குள் இருக்கும் ஒலி எவரையும் திருத்தாது. கேட்டுத் திரும்பச் சொல்லும் ஒருவர் வேண்டும்.

நிறைவாக

இவ்வுரை ஒரு நினைவு மலரில் தொடங்கியது. அங்கேயே முடிவதும் பொருத்தமானது. ஒரு பேர்த்தி தன் அம்மம்மாவின் வாழ்க்கை வரலாற்றை இன்றே எழுதத் தொடங்கினால் என்ன? இரண்டு பக்கங்கள் போதும். எழுதியதை அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டட்டும். 'நான் படிப்பித்தது அந்தப் பள்ளிக்கூடம் இல்லைப் பிள்ளை' என்று அவர் இடைமறிப்பார். எந்தப் பள்ளிக்கூடம் என்று பேர்த்தி கேட்பாள். அந்தக் கேள்விக்கான விடை, முப்பத்தோராம் நாளுக்குப் பின்னர் எந்தத் தொலைபேசி அழைப்பிலும் கிடைக்கமாட்டாது.

மூத்தோரே, உங்களிடம் உள்ளதைப் பாடமாகக் கொடுங்கள். இளையோரே, கேட்டதை ஒப்புவியுங்கள். திருத்துவதற்கு அவர்கள் இருக்கும்போதே ஒப்புவியுங்கள்.